பீட்சாக் கடைகளும் பயணப் பொடியும்

வளைகுடாவிலிருந்து வரும் ஆண்களிடம் எங்கள் தென்காசியில் இரண்டே கேள்விகள்தான் கேட்பார்கள். "எப்ப வந்தீய?" என்பது முதல் கேள்வி. அதற்கு அவர் வாயைத் திறந்து பதில் சொல்லி முடிப்பதற்குள் "எப்பப் பயணம்?" என்று அடுத்தது வந்துவிடும். மீன் கடையில் கேட்பார்கள், பள்ளிவாசல் படியில் கேட்பார்கள், துட்டி விசாரிக்கப் போன சாவு வீட்டில்கூடக் கேட்பார்கள். கேட்கிறவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. "சாப்பிட்டாச்சா" என்பது மாதிரி அதுவும் ஒரு வழக்கம். ஆனாலும் என் வீட்டுக்காரரிடம் யாராவது அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வந்தவனை வாசலிலேயே வழியனுப்புகிறது என்ன மரியாதை?

இருபது வருஷமாக அவர் அந்தக் கேள்விக்குத் தேதியோடு பதில் சொல்லிப் பழகியவர். இந்த முறை மட்டும், சாரல் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்தவர், யார் கேட்டாலும் "பாக்கணும்" என்றார். எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. வேலையை விட்டுத் துரத்திவிட்டார்களோ என்று பயந்துபோனேன். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து அவரே சொன்னார்.

"முதுகு முன்ன மாதிரி இல்லட்டி. இங்கனயே ஒரு பீட்சாக் கடை போட்டா என்னன்னு தோணுது. போகணும்னா ஆறு மாசத்துக்குள்ள போயிரணும், இல்லன்னா விசா போயிரும். அதுக்குள்ள முடிவு பண்ணணும்."

அங்கே அவர் வேலை பார்த்தது ஒரு பெரிய பீட்சாக் கடையின் சமையல்கட்டில். மாவு பிசைவது, உருட்டுவது, ஊற வைப்பது, விரிப்பது, எல்லாம் அவர் பொறுப்பு. அடுப்பில் வைப்பது வேறு ஆள், மேலே தூவுவது வேறு ஆள். கடை போடுவதற்கு முன்னால் இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிற பீட்சாக் கடைகளுக்கெல்லாம் போய்த் தின்று பார்க்க வேண்டும், ஊர்ச் சனம் என்ன சாப்பிடுகிறது என்று தெரியாமல் இறங்கக் கூடாது என்றார். திருநெல்வேலியில் ஹாஸ்டலில் இருக்கிற எங்கள் மகளிடம் சொன்னதும், "தென்காசி பக்கம் கட்டாயம் போக வேண்டிய பீட்சாக் கடைகள்" என்று செல்போனில் வீடியோ வீடியோவாக அனுப்பித் தள்ளிவிட்டாள். வீடியோவில் எல்லாக் கடையிலும் ஒரே மாதிரிச் சீஸை நூலாக இழுத்துக் காட்டி "வேற லெவல்" என்றார்கள். எது எந்த ஊர்க் கடை என்றே எனக்குக் குழம்பியது.

"நீங்க போய்த் தின்னுட்டு வாங்க மச்சான். நான் எதுக்கு?" என்றேன். எனக்குப் பீட்சா என்றால் தொலைக்காட்சி விளம்பரத்தில் பார்த்ததோடு சரி.

"நான் மாவத்தான் பாப்பேன். ருசி நீதான் சொல்லணும்" என்றார். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, தான் இத்தனை வருஷத்தில் ஒரு முழுப் பீட்சா தின்றதில்லை என்றார். நாள் முழுக்க அந்த வாடையில் நின்றவனுக்கு அதைப் பார்த்தாலே வயிறு நிறைந்துவிடுமாம். வேலை முடிந்து அறைக்குப் போனதும் சோற்றை வடித்து, நான் கொடுத்துவிட்ட பொடியைப் போட்டு ஒரு குழம்பு வைத்துச் சாப்பிட்டால்தான் தூக்கம் வருமாம்.

இப்படித்தான் எங்கள் பீட்சா ஊர்வலம் தொடங்கியது. அவருடைய லைசென்ஸ் அந்த நாட்டோடு சரி. நான் அவர் இல்லாத காலத்தில் ஸ்கூட்டி பழகியவள். அதனால் நான் ஓட்ட, அவர் பின்னால் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வருவார். கடைத்தெருவில் பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு "எப்பப் பயணம்?" என்றார்கள்.

முதல் கடை தென்காசியிலேயே, ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில். ஏ.சி. போட்டு, சிவப்பு நாற்காலி போட்டு, கல்யாண மண்டபத்து மணவறை மாதிரி விளக்குகள் போட்டிருந்தார்கள். பீட்சா வருவதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு ஜோடி பிளாஸ்டிக் கையுறை வந்தது. "என்ன மச்சான், பிரசவம் பாக்கவா கூட்டிட்டு வந்தீய?" என்று கேட்டேன். பக்கத்து மேசையில் ஒரு குடும்பமே கையுறை மாட்டிக்கொண்டு தின்றுகொண்டிருந்தது. எனக்குக் கையுறையும் பர்தாக் கையும் சீஸும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே ரகளை. பீட்சா கொஞ்சம் இனித்தது. பனீரும் மக்காச்சோளமும் குடைமிளகாயும் தோசைக்கும் பரோட்டாவுக்கும் இடைப்பட்ட ஏதோ ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தன. அவர் தின்னவில்லை. ஒரு துண்டைத் தூக்கி அதன் அடியைப் பார்த்தார், ஓரத்தை அமுக்கிப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நல்லாருக்கு" என்றேன். உண்மையிலேயே எனக்குப் பிடித்திருந்தது.

அவர் முகம் விழுந்துவிட்டது. "நல்லாருக்கா? அப்பம் இங்கன இன்னொரு கடை எதுக்கு?" என்றார். எனக்கு முன்னால் விறுவிறுவென்று படியிறங்கினார். அவர் மனசு விமானத்தில் ஏறிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

அடுத்த முறை புத்தியாக நடந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன். அது குற்றாலத்தில், ஐந்தருவி போகும் சாலையில் ஒரு தகரக் கொட்டகை. ஒரு பக்கம் நேந்திரங்காய்ச் சிப்ஸ், மறு பக்கம் ரம்புட்டான் கூடைகள், நடுவில் களிமண் பூசின விறகு அடுப்பில் பீட்சா. எண்ணெய் வழியும் உடம்போடு, ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்கள் நின்றபடியே தின்றார்கள். நாங்களும் அருவியில் குளித்துவிட்டுத்தான் போனோம். சாரல் வேறு விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவர் போன உடனே அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அடுப்பைப் பார்த்த சந்தோஷம் அவருக்கு, ஏதோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி நின்றார்.

அந்தப் பீட்சாவை நான் என்னவென்று சொல்வது! ஓரமெல்லாம் கருகி, புகை வாசத்தோடு, கோழித்துண்டும் பச்சைமிளகாயுமாகச் சுடச்சுட வாய்க்குள் போனது. குற்றாலம் வருகிறவர்கள் அருவிக்கு அடுத்தபடியாக அங்கேதான் போக வேண்டும். ஆனால் பசி ருசி அறியாது என்பார்கள். அருவியில் குளித்துவிட்டு வருகிறவளுக்குக் கல்லைக் கொடுத்தாலும் இனிக்கும். இது பீட்சாவின் ருசியா என் பசியின் ருசியா என்று எனக்கே தெரியவில்லை. தெரிந்தாலும் சொல்லக் கூடாது, போன முறை நல்லாருக்கு என்றுதானே கெடுத்துக்கொண்டோம் என்று நினைத்து, "நல்லால்ல மச்சான்" என்றேன்.

அவர் அடுப்பை விட்டு விலகி வந்தார். "அருவியில குளிச்ச பசியிலயே ஒனக்கு இது புடிக்கலன்னா, இந்த ஊர்ல எவன் பீட்சா திம்பான்?" என்றார்.

நன்றாக இருக்கிறது என்றாலும் போய்விடுவார், நன்றாக இல்லை என்றாலும் போய்விடுவார். இருதலைக் கொள்ளி எறும்பு கதிதான். அதற்குப் பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் "பரவால்ல" என்ற ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். செங்கோட்டைப் பக்கம் ஒரு கடை, கடையநல்லூரில் இரண்டு கடை, எல்லாமே பரவாயில்லை.

வாசுதேவநல்லூருக்குப் பஸ்ஸில் போனோம். மெயின் ரோட்டில் ஒரு பேக்கரி. வீடியோவில் அதைப் பற்றி ஆகா ஓகோ என்றிருந்தார்கள். போய்ப் பார்த்தால், பெரிய பன்னை அகலமாகத் தட்டி, மேலே முட்டைக்கோசும் கேரட்டும் தக்காளிச் சாஸும் போட்டு, பிறந்தநாள் கேக் மாதிரி வெட்டிக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்தார்கள். பக்கத்துப் பெஞ்சில் வயலிலிருந்து நேராக வந்த பெரியவர் ஒருவர், காலில் சேறு காயாமல், பீட்சாத் துண்டை டீயில் நனைத்து நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். அப்புறம் அப்படி ஒரு சிரிப்பு சிரித்தார், கண்ணிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது. நாங்களும் டீ வாங்கி நனைத்துத் தின்றோம். அவரும் அன்றைக்கு முழுத் துண்டு தின்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஒரே காகிதத்தில் வைத்துத் தின்றது அதுதான் முதல் தடவை. எனக்கு மனசு நிறைந்துபோய், ஏனென்று தெரியாமல் துக்கமாகவும் இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டார். "எப்படி இருந்துச்சு?"

"பரவால்ல."

"எதக் கேட்டாலும் பரவால்ல பரவால்லன்னா நான் என்னத்தப் புரிஞ்சுக்கிட? பீட்சாவ விடு. நான் என்ன செய்யணும்னு ஒனக்கு இருக்கு? அதச் சொல்லு" என்றார். குரல் உயர்ந்துவிட்டது. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாக எலுமிச்சைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

எனக்குப் பதில் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். அவர் போகக் கூடாது என்று ஒரு மனசு சொன்னது. இன்னொரு மனசு வேறு கணக்குப் போட்டது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எங்களுக்கு விருந்து இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் பிரியாணியும் நெய்ச்சோறுமாக விருந்தாளியைக் கவனிப்பது போலக் கவனித்து அனுப்பிவிடுவேன். மற்ற நாளெல்லாம் வீடு என்னுடையது. கரண்ட் போனால் யாரைக் கூப்பிடுவது, தண்ணீர் எந்த நேரம் வரும், மகளுக்கு எப்போது கோபம் வரும், எல்லாம் எனக்குத் தெரியும். இப்போது பகல் பதினொரு மணிக்கு ஒரு ஆள் நடுவீட்டில் நின்றுகொண்டு "நகவெட்டி எங்கன இருக்கு?" என்று கேட்கிறார். அவருக்கு வெண்டைக்காய் பிடிக்குமா பிடிக்காதா என்றுகூட எனக்குத் தெரியாது, ஏனென்றால் விருந்தாளிக்கு யாரும் வெண்டைக்காய் வைப்பதில்லை. இந்த மனுஷனோடு மீதிக் காலம் முழுவதும் இருக்க எனக்குத் தெரியுமா என்று பயமாக இருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் பல்லை உடைப்பார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

பயணம் போகிறவருக்குக் கொடுத்துவிடுகிற மசாலைப் பொடியை நாங்கள் பயணப் பொடி என்போம். மிளகாய், மல்லி, மிளகு, சீரகம் எல்லாவற்றையும் கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் வரை வறுத்து, கல்லுப்பு ஒரு கை கூடுதலாகப் போட்டு, நைசாக அரைக்க வேண்டும். அப்போதுதான் வருஷமானாலும் வண்டு விழாது. அவர் போகிற காலம் நெருங்கினால் என் கை தானாக அந்த வேலையில் இறங்கிவிடும். எனக்கும் மகளுக்கும் நான் ஒரு நாளும் பொடி அரைத்தது கிடையாது. எங்களுக்குக் கடையில் விற்கிற பாக்கெட்தான்.

சாரலில் மிளகாய் காயாது. மழை விட்ட நேரம் பார்த்து மாடியில் காயப்போட்டு, அள்ளி, மறுபடி காயப்போட்டு, ஒரு நாள் காலையில் எல்லாவற்றையும் வறுத்துத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு மாவு மில்லுக்குப் போனேன். "என்ன தாயி, பயணப் பொடியா?" என்று மில்லுக்கார அண்ணாச்சி கேட்டார். "ஆமா அண்ணாச்சி" என்றேன். வாய் தானாகச் சொன்னது. வீட்டுக்கு வந்து சூடு ஆறப் பேப்பரில் பரப்பி, டப்பாவில் அமுக்கி நிரப்பி, மூடியில் பிளாஸ்டர் ஒட்டும்போதுகூட நான் என்ன செய்கிறேன் என்று எனக்கு உறைக்கவில்லை.

அவர் தொழுதுவிட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றார். அந்த வாசம் அவருக்குத் தெரியாததா? டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலையில் பரணிலிருந்து பெட்டியை இறக்கி, ஈரத்துணியால் துடைத்து, வெயில் படும்படி முற்றத்தில் திறந்து வைத்திருந்தார்.

போவதாக முடிவெடுத்துவிட்டார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று நினைத்தேன். கோபத்தில் நானும் கேட்கவில்லை. திறந்த பெட்டியைச் சுற்றிக்கொண்டே இரண்டு பேரும் வீட்டுக்குள் நடமாடினோம்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்ததும், "இலத்தூர்ல ஒரு கடை பாக்கி இருக்கு. போயிட்டு வந்துருவோம்" என்றார். போகிறவருக்கு எதற்குக் கடை என்று எனக்குப் புரியவில்லை. ஸ்கூட்டியை எடுத்தேன்.

அது கடையே இல்லை. குளத்தங்கரை தாண்டி வயலை ஒட்டின ஒரு வீடு. கார் நிறுத்துகிற கொட்டகையில் ஒரு சின்ன அடுப்பும் இரண்டு மேசையும் போட்டு ஒரு பொண்ணு நடத்திக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருக்கிறாராம். செல்போனைப் பார்த்துப் பார்த்துப் பழகினேன் அக்கா என்றாள். சின்ன வெங்காயத்தை வதக்கி, நாட்டுக்கோழியைப் பிய்த்துப் போட்டு, மேலே கொஞ்சம் கறிவேப்பிலை தூவியிருந்தாள். முதல் கடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இதற்கு மேல் ஒரு பீட்சா இந்த ஜில்லாவில் இல்லை. இவர் வழக்கம்போலத் துண்டைத் தூக்கி அடியைப் பார்த்தார்.

அந்தப் பொண்ணு அதைக் கவனித்துவிட்டாள். "அண்ணாச்சியும் இதே தொழிலோ?"

"ஆமாம்மா. வெளிநாட்டுல."

"லீவா? எப்பப் பயணம்?"

அங்கேயும் அந்தக் கேள்வி துரத்திக்கொண்டு வந்துவிட்டது. அவர் துண்டைத் தட்டில் வைத்தார். "அத இவகிட்டத்தான் கேக்கணும். எனக்குத் தெரியாது. இவதான் பொடியெல்லாம் அரைச்சு டப்பாவுல போட்டுட்டா" என்றார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். "நானா? நீங்கதான் பெட்டிய எறக்கி வச்சீய!"

"நீ பொடி அரைச்ச பொறவுதான எறக்குனேன்? இவ போகச் சொல்லுதான்னு நெனச்சேன். ஊர் ஊராக் கூட்டிட்டுப் போயி, எப்படி இருக்கு எப்படி இருக்குன்னு எதுக்குக் கேட்டேன்? என்னைக்காவது ஒரு நா, இங்கனயே கடையப் போடுங்கன்னு சொல்லுவன்னுதான்."

அந்தப் பொண்ணு உள்ளே போய்விட்டாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பயணம் புறப்படுகிறவரைத் தடுத்து ஒரு சொல் சொல்லக் கூடாது, வாசலில் நின்று அழக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித்தான் கட்டிக்கொடுப்பார்கள். அதனால் ஒவ்வொரு முறையும் சிரித்த முகமாக, பொடி டப்பாவைக் கையில் கொடுத்து அனுப்பியவள் நான். போகாதீங்க என்ற வார்த்தை என் வாயில் வந்ததே இல்லை. அது எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

"பொடிய நான் அரைக்கல மச்சான், கை அரைச்சுருச்சு" என்றேன். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. "தென்காசிக் கடை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா இனிப்பு. குத்தாலத்துல தின்னது அவ்வளவு நல்லாருந்துச்சு, நான் பொய் சொன்னேன். கடையநல்லூர்ல ரெண்டும் சவச்சவன்னு இருந்துச்சு. வாசுதேவநல்லூர் பன்னு பீட்சாவே கிடையாது, ஆனா அங்கனதான் எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. இது எல்லாத்தையும் விட நல்லாருக்கு. நீங்க வீட்டுல இருந்தா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல. பயமா இருக்கு. ஆனாலும் போகாதீங்க."

என் கையில் பீட்சாத் துண்டு இருந்தது. சீஸ் தட்டு வரைக்கும் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை விரலால் அறுத்து என் துண்டின் மேல் வைத்தார். "ஆறிரும், தின்னு" என்றார்.

பெட்டி பரணுக்குப் போனது. ஆறு மாதமும் ஒரு நாள் முடிந்து விசாவும் போனது. அன்றைக்கு இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசவில்லை, ஆனால் அவர் மூன்று தடவை டீ கேட்டார். கடைக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெரிய ரோட்டில் போடலாமா, குற்றாலம் போகிற வழியில் போடலாமா, மேலே என்ன தூவுவது, ஒன்றும் இன்னும் முடிவாகவில்லை. தினமும் காலையில் ஒரு உருண்டை மாவு பிசைந்து மூடி வைக்கிறார், சாயந்திரம் நாங்களே தின்கிறோம். வெண்டைக்காய் அவருக்குப் பிடிக்காது என்று தெரிந்துகொண்டேன்.

பயணப் பொடியை வீட்டுக் குழம்புக்குப் போட ஆரம்பித்தோம். முதல் நாள் ஒரு வாய் வைத்துவிட்டு, "அங்கன இது இப்படி இருக்காதே. உப்பு கூட இருக்கு, கருகல் வாடை அடிக்கி" என்றார். அங்கே இருபது வருஷம் தேவாமிர்தமாக இருந்த பொடி. எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

டப்பா போன வாரம் தீர்ந்தது. புதுசாகச் சாமான் வாங்கிக்கொண்டு, அவரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போனேன். அவர் ஸ்கூட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

"என்ன தாயி, பயணப் பொடியா?" என்றார் மில்லுக்கார அண்ணாச்சி, வாளியை வாங்கிக்கொண்டே.

"இல்ல அண்ணாச்சி. வீட்டுப் பொடி."

"வீட்டுக்கா? அப்பம் எப்படி அரைக்கட்டும்? நைசா வேணுமா, கொரகொரன்னு இருக்கணுமா?"

நான் யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

"கொஞ்சம் நில்லுங்க அண்ணாச்சி" என்றேன். "அவுக வெளியதான் நிக்காக. கேட்டுட்டு வாரேன்."